எங்கள் லைன்

காலையில் கல்லூரி விடுதிக் குழாயடியில் யாரோ, "லைன்ல வாங்கடி!" என்று கத்தினாள். நான் சட்டென்று திருவொற்றியூருக்குப் போய்விட்டேன்.

அங்கே ரயில் ஓடுவது லைன், நாங்கள் குடியிருந்த ஓட்டுவீட்டு வரிசை லைன், குழாயடியில் காத்திருக்கும் குடங்களும் லைன்.

எட்டாம் வகுப்புப் பரீட்சையன்று தண்ணீர் வரத் தாமதமானது. குடத்தை விட்டுப் போனால், தீப்பெட்டிக் கம்பெனியிலிருந்து அம்மா திரும்பும்போது வீட்டில் சொட்டுத் தண்ணீர் இருக்காது.

"இன்னாடி முயிச்சிகினு நிக்கிற? பரீச்சைக்கு ஓடு!" என்றாள் மீன் விற்கும் கன்னியம்மா அக்கா.

"என் கொடம்?"

"உன் கொடத்த எவ தாண்டறான்னு நான் பாக்கறேன், போடி!"

மாலையில் வந்தபோது, நிரம்பிய குடம் எங்கள் வாசலில் இருந்தது. எங்கள் லைனே வெளியே வந்து, "எல்லாம் எயுதினியா?" என்று கேட்டது.

"ஒண்ணுகூட வுடல!" என்று கத்தினேன்.