மணமகளின் பிறந்த திகதி

வெள்ளவத்தையில் ஒரு திருமண சேவை நிலையத்தில் பதினாறு வருடமாக விபரம் பதிகிறேன். முதலில் கொப்பி, பிறகு கணினி, கடைசியில் போன் செயலியும் வந்தது. ஒருமுறை, பெண்ணைவிட நான்கு வயது இளைய பையனின் விபரம் செயலி வழியாகப் பெண் வீட்டுக்குப் போய்விட்டது. அவர்கள் நேரில் வந்து சத்தம் போட்டார்கள்.

சொஃப்ட்வெயர் எழுதும் தம்பி வந்து பார்த்தார். பெண் மூப்பென்றால் பொருத்தத்தை மறிக்கும் வயதுத் தடையைக் கணினித் திரைக்கான கோடில், அதாவது நிரலில், எழுதியவர், செயலியின் நிரலில் எழுத மறந்திருந்தார்.

"விபரமெல்லாம் கிடக்கிற டேட்டாபேஸிலயே தடையைப் போட்டா, எந்தப் பக்கத்தால வந்தாலும் மறிக்கும் ஐயா. ஆனா ஒருத்தருக்கெண்டு விலக்கு விட ஏலாது. கோடில எண்டா விடலாம், எங்கயாவது திரும்பவும் தவறும்," என்று முதலாளியிடம் சொன்னார். பிறகு என்னைப் பார்த்தார். "அக்கா, பெண் மூப்பா எப்பவாவது பொருத்தினனீங்களோ?"

கொப்பிக் காலத்தில் மூன்று. மூன்றையும் நான்தான் எழுதினேன். வாயைத் திறப்பதற்குள் முதலாளி சிரித்தார்.

"எங்கட சனத்திலயோ? நீர் டேட்டாபேஸிலயே போடும்."

அந்த மூன்றையும் சொல்லாமல், விட்ட இடத்திலிருந்து விபரம் பதியத் தொடங்கினேன்.

சில மாதங்களின் பின் கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு தாய் வந்தார். மகள், பையனைவிட எட்டு மாதம் மூப்பு. நானே இரு வீட்டையும் கேட்டிருந்தேன், சம்மதம். பையன் ஞாயிற்றுக்கிழமை லண்டன் திரும்புகிறார், அதற்குள் பெண்ணைப் பார்க்க வேண்டும். பொருத்தத்தைப் பதிந்தால்தான் இரு பக்கத்துக்கும் தொலைபேசி இலக்கம் போகும். கையால் எழுதிக் கொடுக்க எங்களுக்கு அனுமதியில்லை.

பதிந்தேன். சிவப்பு எழுத்தில் மறுத்தது. செயலியிலும் அதேதான்.

"வயசில ஒரு வருஷத்தைக் குறைச்சுப் போடுமன், பிள்ளை."

"அந்தத் திகதிதான் அவையளுக்கும் போகும் அம்மா. பொய் சொன்னமெண்டு நினைப்பினம்."

"அப்ப என்ர பிள்ளையை மறிக்கிறது ஆர்? நீரோ, இந்தப் பெட்டியோ?"

சொஃப்ட்வெயர் தம்பிக்குப் போன் எடுத்தேன். "தடையை எடுத்துவிடலாம் அக்கா. எடுத்தா எல்லாருக்கும்தான் திறபடும். ஐயா ஓமெண்டா செய்யிறன்," என்றார்.

முதலாளியின் அறைக்குப் போய்க் கேட்டேன். அவர் ஓம் என்று சொல்லவில்லை. "அண்டைக்குக் கேக்கேக்க பேசாமத்தானே இருந்தனீர்? இப்ப ஒருத்திக்காக எல்லாத்தையும் திறக்கவோ?"

திரும்பி வந்து, "அடுத்த கிழமை பார்ப்பம் அம்மா," என்றேன். அடுத்த கிழமை பையன் இங்கே இருக்க மாட்டார் என்பது இருவருக்கும் தெரியும்.

மகளின் படத்தைத் திருப்பித் தரச் சொன்னார். ஃபைலிலிருந்து எடுத்து, ஸ்டேப்ளர் கம்பியை நகத்தால் கழற்றிவிட்டுக் கொடுத்தேன்.