சிவப்பு வாளியோடு நின்ற தெரு

ரப்பர் தோட்டத்திலிருந்து தீபாவளிச் சாமான் வாங்க ஈப்போவுக்கு வந்த நாளில் கலர் சினிமா எடுத்தார்கள், கூட்டத்தில் நானும் நின்றேன் என்று அம்மா காலமெல்லாம் சொல்லிவந்தார். மஞ்சள் சேலை, கையில் புதுச் சிவப்பு வாளி. போன வருடம் அந்தப் படம் இணையத்தில் அகப்பட்டது. வாளியோடு ஒருத்தி தூணோரம் நிற்கிறாள். முகம் கலங்கல்.

"இது ஈப்போவே இல்லலா, பினாங்கு," என்றார் அண்ணன். "அம்மாவுக்கு மறதி முத்திப்போச்சு. இனி செமோர்ல தனியா வுட முடியாது. மாசக் கடைசியில தெலுக் இந்தானுக்கு என் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மாத்திரை போட்டாயிற்று என்று அம்மா சொன்னாலும் அட்டையை வாங்கி எண்ணிப் பார்க்கிற ஆள் அண்ணன். அந்த இடத்தைக் கண்டுபிடித்தே தீருவது என்று கிளம்பினேன்.

கைப்பேசியில் காட்சியை நிறுத்தி வைத்துக்கொண்டு மூன்று ஞாயிறு பழைய டவுனில் அலைந்தேன். வெயில் மண்டையைப் பிளந்தது. வாளி வாங்கியதாக அம்மா சொன்ன கடை இருந்தது, படத்தில் தெரிந்த வளைந்த சன்னல்களும் இருந்தன. ஆனால் தெருக் கோடியில் தெரியும் சுண்ணாம்பு மலை படத்தில் வலப்பக்கம், நேரில் இடப்பக்கம். மலை நகருமா?

மூன்றாம் ஞாயிறு கோப்பிக்கடையில் உட்கார்ந்து, கோப்பி ஆறிப்போகும்வரை அந்தக் கூட்டத்தையே பார்த்தேன். தோட்டத்துப் பெண்கள் பத்துப் பேர். அத்தனை பேருக்கும் முந்தானை வலத்தோளில்! எங்கள் சனத்தில் யார் அப்படிக் கட்டுவார்கள்? காட்சியை இடவலம் மாற்றிப் போட்டுவிட்டார்கள். கைப்பேசியில் திருப்பிப் பார்த்தேன். மலை, சன்னல், தூண் எல்லாம் அதனதன் இடத்தில் உட்கார்ந்தன. கடையே திரும்பிப் பார்க்கும்படி சிரித்துவிட்டேன்.

அன்று சாயங்காலமே அண்ணனைச் செமோருக்கு வரவழைத்து, அம்மாவின் முன்னால் வைத்துக் காட்டினேன். திருப்பிப் போட்ட படத்தையும் அந்தத் தெருவில் நான் எடுத்த போட்டோவையும் அண்ணன் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"நீங்க சொன்னது சரிதாம்மா. இனிமே நம்புறேன்."

கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மா நிமிரக்கூட இல்லை.

"நான் அதுல நின்னா என்ன, நிக்காட்டி என்ன? தெலுக் இந்தானுக்கு வரியான்னு என்னைய ஒரு வார்த்த கேட்டியா?"

அண்ணன் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டார். நான் மட்டும் என்ன ஒழுங்கு? மூன்று ஞாயிறு தெருத் தெருவாகச் சுற்றினேனே தவிர, நானும் அதைக் கேட்கவில்லை. வெட்கமாக இருந்தது.

"வரீங்களாம்மா?" என்று கேட்டேன்.

"வரல," என்றார் அம்மா.