என் கடை எண்ணெயில் மலர் அக்காவின் சோப்பு

என் சேலையூர் கடையில் துணி சோப்பு வாங்கிக்கொண்டிருந்த செம்பாக்கம் மலர் அக்கா, இன்று என்னிடமே சோப்பு விற்க வந்துவிட்டார்.

"செலவு மிச்சமாகட்டும்னு வீட்ல செஞ்சேன் தம்பி. இப்ப தெருவே கேக்குது."

தேங்காய் எண்ணெய், காஸ்டிக் சோடா எல்லாம் என் கடைச் சரக்கு. மொத்தமாக வாங்குகிறாரே என்று விலை குறைத்துக் கொடுத்த புத்திசாலி நான்தான்.

என் மனைவி அக்கா கொண்டுவந்த சோப்பில் என் சட்டைக் காலரைத் தேய்த்துப் பார்த்தாள். "நீங்க விக்கிற எதுக்கும் போகாத அழுக்கு, இதுக்குப் போயிடுச்சு பாருங்க!"

வயிறு எரிந்தது. ஆனாலும் இந்தச் சோப்பு பக்கத்துக் கடைக்குப் போய்விட்டால்?

"வேற கடைக்குக் குடுக்காதீங்கக்கா."

"அப்ப எண்ணெயில லாபம் வைக்காதீங்க தம்பி."

இதில் வியாபாரி யார், நீங்களே சொல்லுங்கள். சோப்பு எனக்கு மட்டும், கட்டி இருபத்தைந்து ரூபாய். எண்ணெய் அவருக்கு அடக்க விலை.