எதிர்முனையில் யார்?

போன செவ்வாய்க்கிழமை வாக்கி டாக்கி வாங்கக் கடைக்குப் போயிருந்தேன். எனக்கில்லை, எனக்கு மீன் கொண்டுவந்து கொடுக்கும் ஏழுமலைக்கு.

பழவேற்காடு ஏரியில் தனியாகப் படகு ஓட்டுகிறவர். முந்தின வாரம் நடு ஏரியில் என்ஜின் நின்றுவிட்டது. செல்போனில் சிக்னல் இல்லை. அரை நாள் அப்படியே மிதந்திருக்கிறார்.

"பேஜாரா பூட்ச்சி சார். நீங்க படிச்சவரு... கூட வந்து நல்ல செட்டா பாத்துக் குடுங்க" என்றார். நானோ டிவி ரிமோட்டுக்கே பேட்டரியைத் தலைகீழாகப் போடுகிற ஆள்!

கும்மிடிப்பூண்டியில், ஃபேக்டரி செக்யூரிட்டிகளுக்குச் சாமான் விற்கும் கடை. எல்லாம் தெரிந்த மாதிரி விசாரித்தேன். எவ்வளவு தூரம் கேட்கும்? சார்ஜ் எத்தனை மணி நேரம் நிற்கும்? தண்ணீரில் விழுந்தால்? கடைக்காரர் ஒரு மஞ்சள் செட்டை பக்கெட் தண்ணீரில் முக்கியே காட்டினார். ஏழுமலைக்குப் பிடித்துவிட்டது.

"இதுல ஒண்ணு குடுங்க."

"ஒண்ணா? ஒண்ண வச்சிகினு இன்னா பண்ணுவ நைனா? கரையில ஒருத்தரு இன்னொண்ண வச்சிகினு இருந்தாத்தான பேச முடியும்! ஊட்ல யாரு கீறாங்க?"

ஏழுமலை வீட்டில் யாருமில்லை. மனைவி இறந்துவிட்டார். மகளைப் பள்ளிப்பட்டில் கட்டிக் கொடுத்தாயிற்று. அடுத்த வீட்டில் தம்பி மாரி இருக்கிறான். ஒன்றாகப் படகில் போனவர்கள்தான். தம்பி ஃபேக்டரி வேலைக்குப் போனதில் சண்டை வந்து, இரண்டு வருடமாகப் பேச்சில்லை.

எனக்குச் சுருக்கென்றது. நானும் தனிக்கட்டைதான். ஆனாலும் தூரத்தை விசாரித்தேனே தவிர, எதிர்முனையில் யார் என்று கேட்கத் தோன்றவில்லையே?

ஜோடியாகவே வாங்கினோம். "தம்பிகிட்ட குடுத்துப் பாருங்களேன்" என்றேன்.

"அவன் என் கையால வாங்க மாட்டான் சார்" என்றார். பஸ்ஸில் வழி நெடுக இரண்டு செட்டையும் மடியிலேயே வைத்திருந்தார்.

நேற்று இறாலோடு வந்தார். ஆவல் தாங்காமல் கேட்டேன்.

"ஒண்ண ஆன் பண்ணி அவன் ஊட்டு வாசப்படில வச்சிட்டு வந்துட்டேன் சார். மறுநாள் காலைல ஏரிலேந்து, 'டேய், வலை போட்டாச்சி'ன்னேன். நைட் ஷிப்ட் முடிஞ்சி அவன் ஊட்லதான இருப்பான்... ஒரு வார்த்த பேசல."

"அப்புறம்?"

"கர்ர்ருனு ஒரு சத்தம். பட்டன அமுக்கி உட்டுட்டான்! தெனம் அதான் சார். நான் சொல்லுவேன், அவன் 'கர்ர்ரு'ம்பான். பேச்சே கெடயாது." முகம் முழுக்கச் சிரிப்பு. "ஆனா ஆளு கீறான் சார்!"

அவர் போனபின் இறாலைக் கழுவாமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்குப் பொறாமையாக இருந்தது.

பேசாமல் இருப்பதற்குக்கூட ஓர் ஆள் வேண்டியிருக்கிறது!