சங்கு ஊதியதும் கிளம்பிய மேஸ்திரி

ராஜபாளையம் மில்லின் மெஷின்களைக் கண்காணிக்க நான் எழுதிய கம்ப்யூட்டர் புரோகிராமில், மற்றவற்றை ஏவிவிடும் ஒரு தாய் புராசஸ். அதற்குக் கீழே, மெஷினுக்கு ஒன்றாகப் பன்னிரண்டு பிள்ளை புராசஸ்கள்.

புரோகிராமை நிறுத்தினால் தாய் மட்டும் முடிந்துவிடும். பிள்ளைகள் பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருக்கும். மூன்று நாளாக இதே தலைவலி.

இன்று மில் சூப்பர்வைசர் அண்ணாச்சியிடம் புலம்பினேன்.

"ஷிப்ட் முடிஞ்சு சங்கு ஊதுனதும் மேஸ்திரி மொத ஆளாக் கெளம்பிட்டா, உள்ள இருக்கவனுக்கு யாருய்யா சொல்லுவா?" என்றார்.

அட!

நிறுத்தச் சொல்லும் சிக்னலைத் தாய் எல்லாப் பிள்ளைகளுக்கும் அனுப்பி, கடைசிப் பிள்ளை முடியும்வரை காத்திருக்கும்படி மாற்றினேன். நிறுத்தினேன். பன்னிரண்டும் அடங்கி, கடைசியாகத் தாயும் முடிந்தது.

"அம்புட்டும் நின்னுருச்சு அண்ணாச்சி!" என்று கத்தியேவிட்டேன்.

"எங்கய்யா நின்னுச்சு? சங்கு ஊதி ஒரு மணி நேரமாச்சு, நீ இன்னும் ஓடிக்கிட்டுல்ல இருக்க!"

யாராவது எனக்கும் ஒரு சிக்னல் அனுப்புங்களேன்.