ஒன்பதாம் நம்பருக்காக மலையேறியவர்கள்

முதலில் என் கையெழுத்துக்கு மன்னிப்பு. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ண, ன, ந மூன்றும் எனக்கு ஒரே வீட்டுப் பிள்ளைகள் போலத்தான் தெரியும். எதை எங்கே இருத்துவதென்று தெரியாது. கழக மலருக்காக இதைத் தட்டச்சுச் செய்கிறவர் எழுத்துப் பிழைகளைத் தாராளமாகத் திருத்தலாம். நான் செய்ததாகச் சொல்லும் காரியத்தை மட்டும் நல்லபடியாகத் திருத்திவிட வேண்டாம்.

வரும் திங்கட்கிழமை மைதானத்தில் எனக்குப் பொன்னாடை போர்த்தப் போகிறார்கள். எதிரணி வீரனின் சுகத்துக்காக மலையேறிய நல்ல மனிதர் என்று மலரில் ஒரு பக்கமும் உண்டாம். அதற்கு நான்கு வரி எழுதித் தரும்படி தலைவர் கேட்டார். நான்கு வரியில் இது அடங்காது.

பலெர்மோவில், ஊரில் தீவுப்பகுதிக்காரரான நாங்கள் ஒரு உதைபந்துக் கழகம். மன்னார் ஆட்கள் இன்னொரு கழகம். உயிர்த்த ஞாயிறை இங்கே பாஸ்கா என்பார்கள், அதற்கு மறுநாளைப் பாஸ்குவெத்தா என்பார்கள். அன்றைக்கு இத்தாலியர்கள் இறைச்சி சுட வெளியே போய்விடுவதால் வீட்டு வேலைக்காரர் எல்லாருக்கும் லீவு. ஆகவே எங்கள் இரு கழகங்களின் கோப்பைப் போட்டியும் அன்றைக்குத்தான். மூன்று வருடம் தொடர்ந்து அவர்கள் வென்றார்கள். சரியாகச் சொன்னால், அவர்களின் ஒன்பதாம் நம்பர் வென்றான். மற்றப் பத்துப் பேரும் அவனுக்குப் பந்து எடுத்துக் கொடுத்தார்கள்.

நான் லிபெர்த்தா வீதியில் மாடிக் கட்டடங்களின் படிக்கட்டுகளைக் கழுவுகிறவன். படிக்கட்டோடு கதைக்கத் தேவையில்லை என்பதால் அந்த வேலை எனக்குப் பிடிக்கும். போட்டியன்று எங்கள் கோலுக்குப் பின்னால் நின்று, வெளியே போகும் பந்தை எடுத்துக் கொடுப்பேன். மூன்றாம் வருடம் அந்த ஒன்பதாம் நம்பர் கடைசிக் கோலை அடித்துவிட்டு, வந்த வேகத்தில் கோலுக்குப் பின்னால் ஓடிவந்து என்னைக் கட்டிப்பிடித்து முத்தமிட்டான். தன் ஆள் என்று நினைத்திருக்கிறான். யாரோ படம் எடுத்தார்கள். படத்தில் நான் சிரித்துக்கொண்டு நிற்கிறேன். ஒருவர் கட்டிப்பிடித்தால் சிரிப்பதைத் தவிர எனக்கு வேறு ஒன்றும் தெரியாது. ஒரு வருடம் முழுக்க எங்கள் ஆட்கள் என்னை "ஒன்பதின்ரை மாமா" என்றே கூப்பிட்டார்கள். 

அந்தக் கோபத்தில்தான் போன வருடம், தவக்காலத்து ஞாயிறு ஒன்றில், பெல்லெகிரினோ மலைக்குப் போனேன். அங்கே குகைக்குள் இருக்கும் புனிதையை எங்கள் ஆட்கள், கோயிலுக்குப் போகிற சைவமோ சேர்ச்சுக்குப் போகிற வேதமோ, மலை அம்மா என்பார்கள். கூரைப் பாறையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. கண்ணை மூடிக்கொண்டு மனதுக்குள் சொன்னேன்: "அம்மா, ஒன்பதாம் நம்பர் இந்தமுறை விளையாடக் கூடாது. பெரிசாய் ஒண்டும் வேண்டாம். ஒரு காய்ச்சல் வந்தாலே காணும். நாங்கள் வெண்டால் ஏழு ஞாயிறு வெறுங்காலோடை ஏறி வாறன்."

போட்டிக்குப் பதினொரு நாள் இருக்கும்போது, கால்சாவின் கடற்கரைப் புல்வெளியில் எங்கள் அணி பயிற்சி செய்துகொண்டிருந்தது. வியாழன் பின்னேரம், எல்லாருக்கும் அரைநாள் ஓய்வு. கோல்காப்பாளர் கைபேசியைப் பிடித்தபடி ஓடிவந்தான்.

"ஒன்பது விழுந்திட்டானாம்!"

"எங்கை?" என்று தலைவர் கேட்டார்.

"வேலை செய்யிற சிஞ்ஞோரா வீட்டிலை. பாஸ்காவுக்குத் திரைச்சீலை கழுவ எண்டு ஏணியிலை ஏறிக் கழட்டினவனாம். முழங்கால் போயிட்டுது. ஒப்பரேசனாம்."

"ஐயோ, பாவம்" என்றார் தலைவர். மரியாதைக்காகக் கொஞ்ச நேரம் விட்டுவிட்டு, "எந்தக் கால்?" என்றார்.

"இடது."

ஒன்பது இடதுகால் ஆட்டக்காரன். எல்லாரும் கடலைப் பார்த்தார்கள்.

"எத்தினை மாசமாம்?"

"ஆறு."

"ஆறோ! கடவுள் காப்பாத்தட்டும்" என்றார் தலைவர். "ஆறுதலாய், அவசரப்படாமல் காப்பாத்தட்டும்."

கோல்காப்பாளரின் முகத்தைப் பார்த்து, "டேய், சிரிக்காதை" என்றார்.

"நான் சிரிக்கேல்லை தலைவர். வெயில் முகத்திலை அடிக்குது."

வெயில் அவனுக்குப் பின்பக்கம் இருந்தது. அன்று மாலை கழகத்தின் வாட்ஸ்அப் குழுவில் முப்பது பேர் கைகூப்பினார்கள். ஒருவர் மட்டும் நடனமாடும் பொம்மையைப் போட்டுவிட்டு உடனே அழித்தார். அழித்தது எல்லாருக்கும் தெரிந்தது. நான் ஒன்றும் போடவில்லை. காய்ச்சல் என்று தெளிவாகச் சொன்னேனா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

குருத்தோலை ஞாயிறன்று திராட்சையும் பால்மா டின்னும் வாங்கிக்கொண்டு எட்டுப் பேராக அவன் வீட்டுக்குப் போனோம். கால்சாவில், புதிதாக வெள்ளையடித்த ஒரு மாளிகையின் பின்பக்கத்தில், வெள்ளையடிக்காத இரண்டு அறைகள். அவன் முழங்காலில் பட்டி கட்டிக்கொண்டு கட்டிலில் கிடந்தான்.

"மடக்க ஏலுமோ தம்பி?" என்றான் கோல்காப்பாளர்.

"ஏலாது அண்ணை."

"ஒருக்கா மடக்கிப் பாருமன். சும்மா."

அவன் மடக்கப் பார்த்து முகம் சுளித்தான். கோல்காப்பாளருக்குத் திருப்தி. எழும்பப் போகும் நேரத்தில் அவன் மனைவி வாசலில் நின்று தலைவரிடம் கதைத்தாள்.

"அந்த வேலையிலை ஒப்பந்தம் எழுதி மூண்டு மாசம்தான் அண்ணை. பாஸ்கா முடியும்வரை பொறுப்பன் எண்டு சிஞ்ஞோரா சொன்னவ. பிறகு வேறை ஆள் எடுப்பாவாம். ஆவணியிலை இவரின்ரை வதிவிடப் பெர்மெசோ முடியுது. ஒப்பந்தம் இல்லாமல் குவெஸ்தூராவுக்குப் போய்ப் பொலிசுக்கு என்னத்தைக் காட்டிப் புதுப்பிக்கிறது?"

"பதிலுக்கு ஆரையும் நிப்பாட்டலாமே தங்கச்சி?"

"நான் விடிய ரயில் எடுத்துப் பகேரியாவுக்கு வேலைக்குப் போறனான். வேறை ஆரை நம்பி விடுறது?"

அவள் சொன்னது எல்லாருக்கும் விளங்கியது. ஒருவர் ஊருக்குப் போனாலோ வருத்தமாய்ப் படுத்தாலோ அவரின் வேலைக்குப் பதிலாள் நிற்பது எங்கள் வழக்கம். நின்றவர் வேலையைத் திருப்பிக் கொடுத்த கதைகள் குறைவு. தலைவர் திராட்சை புளிக்காது என்று மட்டும் சொன்னார்.

பாஸ்குவெத்தா அன்று ஒரு பெனால்டியால் நாங்கள் வென்றோம். அப்படியொரு சோகமான வெற்றியை நான் கண்டதில்லை. ஒன்பது ஊன்றுகோலோடு பிளாஸ்டிக் கதிரையில் கோட்டுக்குப் பக்கத்தில் இருந்தான். கோப்பையைத் தூக்கிய எங்களை ஒருவரும் படம் எடுக்கவில்லை. எல்லாரும் அவனோடு நின்று எடுத்தார்கள். மன்னார்ப் பக்கத்தில் ஒரு கிழவர் கத்தினார்: 

"கோப்பையை அலுமாரிக்குள்ளை வையுங்கோ! வெளியிலை வைச்சால் பாக்கிற ஆக்கள் கதை கேப்பினம்!"

திரும்பும் வழியில் தலைவர் வெறுப்போடு சொன்னார்: "சீ. அவன் சுகமாகி வரவேணும். அவன் நிக்கேக்கை வெல்லவேணும்." இரண்டு கிழமைக்கு முன் ஆறு மாதம் என்றபோது கடலைப் பார்த்த அதே ஆட்கள் இப்போது அவன் முழங்காலைப் பற்றி உண்மையாகவே கவலைப்பட்டார்கள்.

நேர்ந்ததைச் செய்ய வேண்டும். அடுத்த ஞாயிறு விடிய, மலையடிவாரத்தில் சப்பாத்தைக் கழற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டு பழைய கல்லுப்பாதையில் ஏறத் தொடங்கினேன். ஆறு நாளும் படி, ஏழாம் நாளும் படி. இரண்டாவது வளைவில் கோல்காப்பாளர் நின்றான். அவன் காலிலும் ஒன்றுமில்லை. பைக்குள்ளிருந்து மெழுகுதிரி எட்டிப் பார்த்தது.

"நடையோ?" என்றேன்.

"ஓம் அண்ணை. டொக்டர் நடக்கச் சொன்னவர்."

"வெறுங்காலோடையோ?"

"சப்பாத்து கடிக்குது." என் காலைப் பார்த்தான். "உங்களுக்கும் கடிக்குதோ?"

"ஓம்" என்றேன்.

அடுத்த வளைவில் தலைவர் கல்லில் உட்கார்ந்து உள்ளங்காலில் முள் எடுத்துக்கொண்டிருந்தார். "எனக்கு ஒரு வீட்டு விசயம்" என்றார், நாங்கள் கேட்காமலே. அவருக்கு மேலே செயலாளர். செயலாளருக்கு மேலே இன்னும் ஏழெட்டுப் பேர், ஆளுக்கு ஆள் முகம் கொடுக்காமல், கடலைப் பார்த்தபடி. எங்கள் பொதுக்கூட்டத்துக்கு இவ்வளவு பேர் வருவதில்லை. யார் என்ன நேர்ந்தாரென்று யாரும் யாரையும் கேட்கவில்லை. 

குகைக்குள் போனோம். முன்வரிசையில் ஒன்பதின் மனைவி முழந்தாளில் இருந்தாள். காலடிச் சத்தம் கேட்டுத் திரும்பினாள். தீவுப்பகுதி ஆண்கள் பன்னிரண்டு பேர், வெறுங்கால், கையில் மெழுகுதிரி. ஒவ்வொருவராகப் பார்த்தாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"எங்கடை ஆக்கள்கூட வரேல்லை அண்ணை. நீங்கள் எல்லாரும் இவருக்காக..."

தலைவர் தொண்டையைச் செருமினார். "மனிசருக்கு மனிசர்தானே தங்கச்சி" என்றார். 

வெளியே வந்ததும் அவள் பதிலாள் விசயத்தைத் திரும்பவும் கேட்டாள். நாளைக்குப் போகாவிட்டால் வேலை போய்விடும். தலைவருக்கு இரண்டு வீட்டு வேலை. செயலாளருக்கு முதுகு. எல்லாரும் பேசி முடித்தபின் அவள் என்னிடம் வந்தாள்.

"அண்ணை, நீங்கள் ஒருத்தர்தான் ஒண்டும் சொல்லேல்லை. கதைக்காத ஆள் வேலையைக் களவெடுக்காது. எனக்காக நில்லுங்கோ."

அந்த நேரத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஒருவர் அழும்போது தலையாட்டுவதைத் தவிர எனக்கு வேறு ஒன்றும் தெரியாது.

ஐந்து மாதம் காலையில் என் படிக்கட்டுகளையும் பின்னேரத்தில் அவனுடைய சிஞ்ஞோராவின் வீட்டையும் பார்த்தேன். முதல்நாளே அவ கழுவிய திரைச்சீலைகளைக் காட்டி மாட்டச் சொன்னா. அதே ஏணி. ஒவ்வொரு படியாக ஏறும்போது, "அம்மா, நான் கேட்டது காய்ச்சல்" என்று சொல்லிக்கொண்டு ஏறினேன். ஒன்றும் நடக்கவில்லை. அதுவே பயமாக இருந்தது. 

ஆடி மாதம் சிஞ்ஞோரா என்னைக் கூப்பிட்டு, "நீயே நில். உன் பெயருக்கு ஒப்பந்தம் மாற்றுகிறேன். நீ சத்தம் போடாத ஆள்" என்றா. நானாகச் சொல்லாமல் அவவாகவே மனம் மாற வேண்டுமென்று நினைத்து, அடுத்த கிழமை ஒரு சட்டையைத் தீய்த்தேன். மன்னித்தா. மீனுக்கு உப்புப் போடாமல் விட்டேன். இரத்த அழுத்தத்துக்கு நல்லது என்றா. கடைசியில் ஒரு நாள், தும்புத்தடியைப் பிடித்துக்கொண்டு, மூன்று நாள் மனதில் சொல்லிப் பார்த்த இத்தாலியனில் சொன்னேன்: "சிஞ்ஞோரா, இது என் வேலை இல்லை. அவனுடையது. அவன் வருவான்."

அவ பிறகு அந்தக் கதையை எடுக்கவில்லை. ஒப்பந்தத்தில் கை வைக்கவில்லை. ஆவணியில் அதே ஒப்பந்தத்தைக் கொண்டு அவன் குவெஸ்தூராவுக்குப் போனான். புரட்டாதியில் வீட்டுச் சாவியை அவன் கையில் கொடுத்தேன். அவன் மைதானத்தில் செய்தது போலவே என்னைக் கட்டிப்பிடித்தான். நானும் அதே மாதிரிச் சிரித்தேன்.

மற்ற ஆறு ஞாயிறும் நான் ஏறவில்லை. ஏறினால் என் புகழ் கூடும், ஏறாவிட்டால் என் பாவம் கூடும். ஒரு வருடம் பாவத்தையே கூட்டினேன். பிறகு இந்தப் பொன்னாடை வந்தது.

நேற்று ஒன்பதின் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவன் கால் சுகமாகிவிட்டது, திங்கட்கிழமை விளையாடுகிறான். நான் சொல்லச் சொல்லக் கண்ணை விரித்துக் கேட்டவன், கடைசியில் விழுந்து விழுந்து சிரித்தான்.

"நீங்கள் காய்ச்சல்தானே கேட்டனீங்கள் அண்ணை? அப்ப மற்றவையள் என்னத்தைக் கேட்டவையோ!"

அவன் மனைவி சிரிக்கவில்லை. "அண்டைக்கு வந்த எல்லாருமோ?" என்றாள்.

"எல்லாரையும் எனக்குத் தெரியாது தங்கச்சி. என்னைத்தான் தெரியும்."

உள்ளே போனாள். தேத்தண்ணியை எனக்கு முன்னால் வைத்த சத்தத்தில் கோப்பைக்கு வலித்திருக்கும். போய்விடுவோம் என்று எழும்பினேன்.

"இருங்கோ" என்றாள். "குடிச்சிட்டுப் போங்கோ. எத்தினை ஞாயிறு நேர்ந்தனீங்கள்?"

"ஏழு."

"எத்தினை ஏறினீங்கள்?"

"ஒண்டு."

"மலை அம்மாவோடை அரைகுறையாய் விடக் கூடாது. வாற ஞாயிறு பாஸ்கா. அதுக்கு அடுத்த ஞாயிறிலை இருந்து மிச்ச ஆறையும் ஏறுங்கோ. நானும் வாறன், நீங்கள் சப்பாத்தைக் கழட்டுறீங்களோ எண்டு பாக்க."

ஆகவே தலைவருக்கு: பொன்னாடையை வேறு யாருக்காவது போடுங்கள். யாருக்கு என்று நான் சொல்லமாட்டேன். அந்த வளைவுகளில் நின்றவர்களுக்குத் தெரியும். இந்த வருடம் நான் ஒன்றும் கேட்கவில்லை. திங்கட்கிழமை வழமைபோல் கோலுக்குப் பின்னால் நிற்பேன். ஒன்பதாம் நம்பர் கோல் அடித்தால் பந்தை எடுத்துக் கொடுப்பேன்.

பலெர்மோ, வியாழன் பின்னேரம், 17 ஏப்ரல் 2025.