சந்தனம் குடித்த பேக்கப்

சேக்காட்டில் வீட்டிலிருந்தே கல்யாண வீடியோக்களை எடிட் செய்து கொடுக்கும் ரேவதிக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. எந்தக் கல்யாணமானாலும் இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் இருக்க வேண்டும். அந்த இரண்டும் ஒரே கூரையின் கீழ் இருக்கக் கூடாது. ஒன்று அவள் மேஜையில். பேக்கப், வெள்ளானூரில் தோழி சுலோசனாவின் பீரோவில், பட்டுப்புடவைகளுக்கு அடியில். சேக்காடே ஏரியாகிப் போனாலும் தாலி கட்டியது கட்டியதாகவே இருக்கும் என்பாள். இந்த அளவு முன்யோசனை மனிதர்களிடம் அடிக்கடி தென்படுவதில்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

ஆனால் எந்தக் கட்டுப்பாடும் ஒரு நாளாவது கண்ணயரும். அது ஆயுத பூஜையன்று அயர்ந்தது.

அவள் கணவன் பாபு அம்பத்தூரில் லேத் பட்டறையில் வேலை செய்கிறான். பட்டறையில் ஒரு ஸ்பேனரைக்கூட விடாமல் பொட்டு வைத்துவிட்டு வந்த வேகம் அவனுக்கு இன்னும் தணியவில்லை.

"சுலோசனா ஊட்ல கீறது மட்டும் ஆயுதம் இல்லியா? அத்த மட்டும் உட்டா கோச்சிக்காதா?" என்று கேட்டுவிட்டு பைக்கில் பறந்துபோய் பேக்கப்பையும் கொண்டுவந்தான்.

ஒரே மாலைக்குள் இரண்டு டிஸ்க்கும் மணமக்கள் போல் அமர்ந்தன. கற்பூரத் தட்டைச் சுற்றும்போது பாபுவின் முழங்கை மாலையில் சிக்கியது. மாப்பிள்ளை டிஸ்க் தரையில் விழுந்தது. பாபு அதைப் பதறி எடுத்தான்; கண்ணில் ஒற்றிக்கொண்டான்; இருந்த இடத்திலேயே வைத்தான். ரேவதி அப்போது அடுப்படியில் சுண்டல் தாளித்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் விஜயதசமி. பூஜையில் வைத்ததை எடுத்து வேலையைத் தொடங்கும் நாள். ரேவதி தன் மேஜை டிஸ்க்கை மாட்டினாள். 'டிக்... டிக்' என்று பல்லி போல் கத்தியது. திரையில் ஒன்றும் வரவில்லை. கழற்றி மாட்டினாள். பல்லி விடவில்லை.

அதற்குள் இருந்தது ரோஷினியின் கல்யாணம். கேமரா கார்டுகளை எப்போதோ அழித்து, வேறு கல்யாணங்களுக்குப் பயன்படுத்தியாகிவிட்டது. அந்தக் கல்யாணத்தில் ஒரு அதிசயம் நடந்திருந்தது. ரோஷினியின் அப்பா தசரதன் ஆவடியில் பாதுகாப்புத் தொழிற்சாலையில் ஃபோர்மேனாக இருந்தவர். அவர் சிரித்துக் குவார்ட்டர்ஸில் யாரும் பார்த்ததில்லை. அப்படிப்பட்டவர் ரிசப்ஷனில் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு குத்தாட்டம் போட்டார். ஊரே கூட ஆடியதால் ஒருவர் கையிலும் செல்போன் இல்லை.

"பேக்கப் இருக்கு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு ரேவதி கேபிளைச் செருகினாள். நுழையவில்லை. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். ஒயர் மாட்டும் ஓட்டை முழுக்கச் சந்தனம். காய்ந்து இறுகி, மேலே ஒரு குங்குமப் பொட்டு.

"யோவ்! இன்னாய்யா இது?"

"வாய்லதான வைக்கணும்?" என்றான் பாபு. "சாமி எந்த வழியா உள்ள போவும்?"

"அந்த இன்னொண்ணு ஏன் கத்துது?"

பாபு சுவரைப் பார்த்தான். "லேசா வுயுந்துச்சி. அப்பவே கண்ல ஒத்திக்கினேன்மே."

அப்போது ரோஷினியின் போன். "அக்கா, சாயங்காலம் அப்பாவையே இழுத்துட்டு வரேன். 'நான் எங்க ஆடினேன்'னு சத்தியம் பண்றாரு. அந்த சீன் இருக்குல்ல?"

"பத்திரமா இருக்கு" என்றாள் ரேவதி. "வாயத் திறக்கத்தான் மாட்டேங்குது." போனை வைத்ததும் சிரிப்பு பீறிட்டது. அழ வேண்டிய இடத்தில் ஏன் சிரிக்கிறோம் என்று அவளுக்கே புரியவில்லை, நிறுத்தவும் முடியவில்லை.

"இன்னொரு தபா கல்யாணம் பண்ணிக்க சொல்லு. சாப்பாட்டு செலவு நம்புளுது" என்றான் பாபு. அவன்மேல் ஒரு தலையணை பறந்தது.

பல் குத்தும் குச்சியால் ரேவதி மூச்சைப் பிடித்துச் சுரண்டினாள். சந்தனத் தூள் உதிர்ந்தது. கொரோனாவுக்கு வாங்கி மீந்த சானிடைசரைப் பஞ்சில் தொட்டுத் துடைத்தாள். ஃபேனுக்கு அடியில் காயவைத்தாள். பாபு கைகட்டி நின்றான், ஆபரேஷன் தியேட்டருக்கு வெளியே நிற்பவனைப் போல.

கேபிள் நுழைந்தது. டிஸ்க்கின் விளக்கு ஒருமுறை மினுங்கி அணைந்தது. மீண்டும் மினுங்கி, அணையாமல் நின்றது.

தசரதன் துண்டோடு திரையில் குதித்தார். பாபுவும் குதித்தான். ரேவதி முதலில் புது டிஸ்க்கில் நகல் போட்டாள். அது முடிந்த பிறகுதான் அவளும் குதித்தாள். டிஸ்க் சூடேற, அறையெங்கும் சந்தன வாசம்.

சாயங்காலம் தசரதன் வந்தார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு முழுவதையும் பார்த்தார். ரோஷினி வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

"இது நான் இல்லை" என்றார். பிறகு திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "எனக்கு ஒரு காப்பி போடும்மா. ரெண்டு எடத்துல போடு" என்றார்.

பாபு மகிழ்ச்சியோடு உள்ளே ஓடினான். சந்தனக் கிண்ணத்தோடு திரும்பியவனை ரேவதி வாசற்படியிலேயே மடக்கினாள்.